கால் நீட்டிப் படுக்கிற வண்டி

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. போன முறை ஒரு பெரியவர் விழப் பார்த்தார். அப்போதே சொன்னேன், இன்னும் மாற்றவில்லை. இப்படி என் பக்கத்தில் வாருங்கள். பையை நகர்த்திக்கொள்கிறேன்.

இல்லையில்லை, நான் இங்கே வேலை பார்க்கிறவள் இல்லை. இங்கே வேலை பார்க்கிறவர்கள் கழுத்தில் அட்டை தொங்கும். ஏதாவது கேட்டால் 'ஒன் மினிட் மேடம்' என்று உள்ளே போவார்கள், அதோடு சரி. நான் காத்திருக்கிறேன். சர்வீஸுக்கு ஒரு வண்டி வரவேண்டும். காலையிலேயே வந்திருக்க வேண்டியது.

வெளியே அந்த வெள்ளை வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்களே, அவர்கள் உங்கள் வீட்டு ஆட்களா? அந்தப் பையன் உங்கள் மகன். டயரைக் காலால் உதைத்துப் பார்க்கிறவர் வீட்டுக்காரர். நினைத்தேன். டயரை உதைத்தால் என்ன தெரியும் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை, ஆனால் எல்லா ஆண்களும் உதைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் பேங்கில் பேனா பிடித்தே ரிடையர் ஆனவர், சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியாது. அவரும் வந்து உதைத்தார்.

உங்களை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டார்கள், இல்லையா? வண்டி வாங்க வந்தால் பெண்களை இந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஏசியைப் போட்டு, கையில் ஒரு காப்பியைக் கொடுத்து அடக்கிவிடுவார்கள். கடைசியில் சாவியைக் கொடுத்துப் போட்டோ எடுக்கும்போது கூப்பிடுவார்கள். நீங்கள் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தீர்களா? 'எனக்கு என்னங்க தெரியும்' என்று சொல்லாதீர்கள். உட்காரத் தெரியாதா? நாம் பெற்ற பிள்ளை நாள் முழுக்க உட்காரப்போகிற இடம். ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க என்ன படிப்பு வேண்டும்?

நான் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில் இல்லை, மூன்று கம்பெனி வண்டியிலும் உட்கார்ந்து பார்த்தேன். இந்தத் திண்டுக்கல்லில் சின்ன லோடு வண்டிகளைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்த பெண்பிள்ளை இருக்கமாட்டாள். நான் கான்வென்டில் படித்தவள். சிஸ்டர் பெனடிக்டா என்று எங்களுக்கு ஒருவர் இருந்தார், ரிப்பன் வாங்கினாலும் மூன்று கடை ஏறி இறங்கி, தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து வாங்கவேண்டும் என்பார். ரிப்பனுக்கே அப்படி.

என் மகன் பெயர் ரெமிஜியஸ். ரெமி என்று கூப்பிடுவோம். ஒரே பிள்ளை. இஞ்சினியரிங்கில் சேர்த்தோம். மூன்றாம் வருஷத்தோடு, இனி காலேஜுக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நாள் வீட்டிலேயே இருந்தான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றவில்லை, "அம்மா, நான் லோடு வண்டி எடுத்து ஓட்டப் போறேன்" என்றான். அன்றைக்கு நான் பேசியதைப் பக்கத்து வீட்டு டெய்சி துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடியில் நின்று முழுக்கக் கேட்டாள். ஒரே துண்டை மூன்று தடவை உதறினாள். நான் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. மூட்டை சுமக்கவா உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைத்தேன் என்று கேட்டேன். உன்கூடப் படித்த கெவின் கனடா போய்விட்டான், நீ ஒட்டன்சத்திரம் போகப் போகிறாயா என்று கேட்டேன். கேட்கக்கூடாதா?

எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அவர் எப்போதும் திறக்கமாட்டார். மகனும் அவரைப் போலத்தான். எங்கள் வீட்டில் பேசுவதற்கு ஆளே கிடையாது, எல்லாப் பேச்சையும் நான் ஒருத்தியே பேசவேண்டியிருக்கிறது.

ஒரு மாதம் பேசினேன். அவன் அசையவில்லை. சரி, டிரைவராகத்தான் ஆவாய் என்றால் நான் பார்த்து எடுக்கிற வண்டியில் ஆகு என்று சொல்லிவிட்டேன். ஆர்.சி.யும் என் பெயரில்தான். அதற்கும் தலையை ஆட்டினான்.

முதலில் பார்த்தது சின்னது. ஊரில் குட்டியானை என்று எல்லாச் சின்ன வண்டியையும் சொல்கிறார்களே, அந்த அளவு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ரெமிக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, கையால் தடவிக்கொண்டே நின்றான். நான் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். சீட் மாதா கோவில் பெஞ்சு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. சாயவே சாயாது. "நீ ஏறுடா" என்றேன். அவன் ஆறடி. ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டுகிறது. "படுத்துப் பாரு" என்றேன்.

"என்னது?"

"படுத்துப் பாருடா. ராத்திரி எங்கயாச்சும் வண்டி நின்னுட்டா எங்க படுப்ப?"

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் என்ன திருடவா சொன்னேன்?"

படுத்தான். முழங்கால் தாடையில் வந்து இடித்தது. ஷோரூம் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ரெமி எழுந்து என் காதோடு, "லோடு வண்டிம்மா இது. பின்னாடி எவ்வளவு ஏத்தலாம்னுதான் எல்லாரும் பாப்பாங்க. முன்னாடி எப்படிப் படுக்கலாம்னா பாப்பாங்க?" என்றான்.

"பின்னாடி போறது வெங்காயம். முன்னாடி போறது எம் புள்ள. நான் எதைப் பாக்க?" என்றேன்.

இறங்கிக் கதவைச் சாத்தினான்.

அது என்ன ஹாரன்? நீல வண்டியா? இல்லை, அது வேறு நம்பர். நம்முடையது வெள்ளை. ஆமாம், இதே மாடல்தான். உங்கள் வீட்டுக்காரர் இப்போது கதவைத் தட்டிப் பார்க்கிறார் பாருங்கள். அடுத்தது பானெட்டைத் திறக்கச் சொல்வார்.

இரண்டாவது வண்டி நடுவாந்தரம். அதில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். வீட்டிலிருந்து போகும்போதே ஒரு தூக்கில் மோர் கொண்டுபோயிருந்தேன். டம்ளரில் விளிம்பு வரைக்கும் ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். நத்தம் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள், அந்த வழியாகவே போகச் சொன்னேன். விற்கிற பையன், "மேடம், நல்ல ரோட்டுல காட்டறேனே" என்றான். நல்ல ரோட்டில் கட்டைவண்டியும்தான் நன்றாக இருக்கும். பாதி மோர் என் மடியில். நல்ல சேலை, ஈஸ்டருக்கு எடுத்தது. இறங்கி வந்து, இது ஆகாது என்று சொல்லிவிட்டேன். ரெமி பின்னால் ஏறி நின்றுகொண்டு வந்தான். முன்னால் மூன்று பேர் உட்கார இடம் இருக்கிறது, இருந்தும் பின்னால்தான் நிற்பேன் என்றான். காற்று வேண்டுமாம்.

மூன்றாவது இங்கே வந்தோம். இந்தப் பெரியது. இதே அறையில்தான் என்னை உட்கார வைக்கப் பார்த்தார்கள். நான் நேராக வண்டிக்குப் போனேன். சீட் சாய்கிறது. முதுகுக்கு அணைவாக இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை போட்ட மாதிரி இடம், சீட்டை முழுக்கச் சாய்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு குழி, செல்போனுக்கு ஒரு குழி. மோர் டம்ளரோடு அதே நத்தம் ரோடு போய் வந்தேன், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ரெமியைப் படுக்கச் சொன்னேன். இந்தத் தடவை மறுபேச்சுப் பேசாமல் ஏறிப் படுத்தான். கால் முழுக்க நீண்டது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தான். எழுந்திருடா என்று நான்தான் தட்டவேண்டியிருந்தது. இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

விலை கூடத்தான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்ததற்குத் தகுந்த பொருளா என்று பார்க்கவேண்டும். விலை குறைந்தது என்று ஒன்றை வாங்கி, ஆறு மாதத்தில் பிள்ளைக்கு இடுப்பு போய், அந்தக் காசை வைத்தியனிடம் கொடுப்பதற்கு இது மேல். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுங்கள். உங்கள் பையனும் உயரமாகத்தான் இருக்கிறான்.

அவனுக்கு எது பிடித்திருக்கிறது? சின்னதா? அதோ ஓரத்தில் நிற்கிறதே, அதைத்தான் முதலில் பார்த்தானா? எல்லாப் பையன்களுக்கும் அந்தப் பைத்தியம் இருக்கும்போல. ரெமியும் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் மெதுவாக ஆரம்பித்தான். "சின்னதே போதும்மா. உள்ளூர்லயே ஓட்டிக்கிறேன். கடைக்குக் கடை சரக்கு போடலாம், வீடு மாறுறவங்க சாமான் ஏத்தலாம். சந்துபொந்து எல்லாம் நுழையும். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துருவேன்."

"மத்தியானச் சாப்பாட்டுக்காகவாடா ஒருத்தன் வண்டி வாங்குவான்?" என்றேன். எங்கள் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார்.

நீங்களே சொல்லுங்கள். என்கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஒருத்தி டாக்டருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், ஒருத்தி ரவுண்ட் ரோட்டில் மூன்று மாடி கட்டியிருக்கிறாள். அவர்கள் வீட்டுக்கு பிரிட்ஜ் இறக்க என் மகன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நிற்பதா? பெரிய வண்டி என்றால் கொச்சிக்குப் போவான், பெங்களூர் போவான். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? யாராவது கேட்டால் டிரான்ஸ்போர்ட் பிசினஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை.

வண்டி வந்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் வந்து நின்றான். இந்த லோடு வண்டிக்காரர்கள் முன்கண்ணாடியில் எழுதுவார்களே, அம்மா, தாயின் ஆசி, அன்னை இல்லம் என்று. ரெமி அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பச்சை எழுத்தை வெட்ட ஆரம்பித்துவிட்டான். எனக்கு அந்தப் பழக்கமே பிடிக்காது. "ஒண்ணும் எழுத வேணாம், கண்ணாடி கண்ணாடியா இருக்கட்டும், ரோடு தெரியட்டும்" என்று அனுப்பிவிட்டேன். வெட்டினதற்குக் காசு கேட்டான், ரெமிதான் கொடுத்தான். என்ன எழுதச் சொல்லியிருந்தான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எதுவாக இருந்தால் என்ன?

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கேரளாவுக்குப் போனான். நன்றாகத்தான் ஓட்டினான், ஒரு கீறல் கிடையாது. வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவான். வந்ததும் சாக்கோடு சாக்காக உள்ளே வராதே, குளி என்பேன். அதில் என்ன தப்பு, வெங்காய வாடை தெருக்கோடியிலிருந்தே வரும். குளித்துவிட்டு உட்காருவான். சோறு போடுவேன். போட்டுக்கொண்டே பேசுவேன். சோறு போடும்போது பேசாமல் எப்போது பேசுவது, அப்போதுதானே ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறான்? கெவின் அங்கே கார் வாங்கினதைச் சொல்வேன். கரஸ்பாண்டன்ஸில் ஒரு டிகிரியாவது முடி என்பேன். உன் வயசில் உன் அப்பா பரீட்சை எழுதி பேங்கில் சேர்ந்தாயிற்று என்பேன். ஒரு தடவை தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து கையைக் கழுவினான். ஏண்டா என்றால், "வயிறு நிறைஞ்சிருச்சும்மா" என்றான். நான் வைத்ததே இரண்டு கரண்டி.

அப்புறம் ஒருநாள் மத்தியானம். வண்டிச் சத்தம் கேட்டது, வாசலில் நின்றது. குழம்பைச் சூடு பண்ணினேன், அப்பளம் பொரித்தேன். ஆளைக் காணோம். வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தால், வேப்பமரத்து நிழலில் வண்டி நிற்கிறது. உள்ளே இவன் சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு தூங்குகிறான். வீட்டு வாசலில்! கதவைத் திறந்தால் வீடு, உள்ளே கட்டில், மெத்தை, அவன் ரூமில் ஏசி. இவன் தெருவில் படுத்துக் கிடக்கிறான். டெய்சி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கிறாள். "ரெமி ரொம்ப அசதி போல, அதான் வந்த வாக்குலயே படுத்துட்டான்" என்று எனக்கே சமாதானம் சொல்கிறாள்.

போய்க் கண்ணாடியைத் தட்டினேன். முழித்தான். "இங்க என்னடா பண்ற?" என்றேன்.

"வீட்டுக்குள்ள வெக்கையா இருக்கும்மா. கொஞ்ச நேரம் படுத்துட்டு வரேன்."

"ஏசி ரூம்ல என்னடா வெக்கை? தெருவே பாக்குது, எறங்கு. பெத்தவ சோறு தண்ணி இல்லாம தொரத்திட்டான்னு பேசட்டும்னுதான படுத்திருக்க?"

இறங்கினான். சாப்பிட்டான். அன்றைக்கு முழுக்கச் சாப்பிட்டான், தட்டில் ஒரு பருக்கை இல்லை. நான் சொல்வதற்கெல்லாம் "சரிம்மா, சரிம்மா" என்றான். பரவாயில்லை, பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் போனவன்தான். அதற்கப்புறம் வீட்டுக்கு வரவில்லை.

இல்லை, சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. போனில் பேசுவான். "லோடு இருக்கும்மா, வரேம்மா" என்பான். இங்கே நம் ஊர் மார்க்கெட் பக்கத்தில் இவனை மாதிரி டிரைவர்கள் வண்டியை நிறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கேயே குளிப்பும் சாப்பாடும். துணியைப் பின்னால் கொடி கட்டிக் காயப்போடுவதாக டெய்சி வந்து சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரியும். போன கிறிஸ்துமஸுக்குப் பாதிராப் பூசையில் பின்னால் நின்றானாம், அதையும் அவள்தான் சொன்னாள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்?

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. என்ன குறை வைத்தேன்? அலைந்து திரிந்து இருப்பதிலேயே நல்ல வண்டியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். அதுதான் வினை. வண்டி ரொம்ப சொகுசாக இருக்கிறது. அதுதான் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டது. வேறு என்ன காரணம் இருக்க முடியும், சொல்லுங்கள்?

எங்கள் வீட்டுக்காரரிடம், போய்ப் பேசிக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். "அவன் நல்லாத்தான இருக்கான், விடு ஹில்டா" என்றார். அவ்வளவுதான் அவருக்கு. பெற்ற பாசம் ஆண்களுக்குக் கிடையாது. இப்போது புதிதாக வாக்கிங் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் ஆனால் ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வாக்கிங்குக்கு எதற்கு ஒயர்கூடை? கேட்டால், வருகிற வழியில் காய் வாங்க என்பார். திரும்பி வந்து ராத்திரிச் சாப்பாடு வேண்டாம், பசிக்கவில்லை என்பார். சட்டையெல்லாம் வெங்காய வாடை. மார்க்கெட் வழியாக நடக்காதீர்கள், அந்தப் புழுதி உங்களுக்கு ஆகாது என்று தினமும் சொல்கிறேன். யார் கேட்கிறார்கள்? வயசாகிவிட்டது, வயிறு சுருங்கிவிட்டது, வேறென்ன. முகம் மட்டும் நன்றாகத் தெளிந்திருக்கிறது. நடப்பதால் இருக்கும்.

வண்டி என் பெயரில் இருக்கிறது என்றேனே, அதனால் சர்வீஸ் தேதிக்கு என் போனுக்குத்தான் மெசேஜ் வரும். வந்ததும் இங்கே போன் போட்டு, வண்டி என்றைக்கு வருகிறது என்று கேட்டு வைத்துக்கொள்வேன். கொண்டுவந்து விடத்தானே வேண்டும். போன முறையும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வந்தான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன் என்னைப் பார்த்ததும் நின்றான். சிரிக்கத்தான் வந்தான் என்று நினைக்கிறேன். தாடி, இவ்வளவு நீளம். "என்னடா இது கோலம், பிச்சைக்காரன் மாதிரி?" என்றேன். அவ்வளவுதான் சொன்னது, வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாக. "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். தாடி வைத்தவனைத் தாடி வைத்தவன் என்றுதானே சொல்ல முடியும்?

நில்லுங்கள். வருகிறது. இதுதான். ஆமாம், இதுதான், கண்ணாடியில் ஒன்றும் எழுதாமல் வருகிறதே, அதுதான் நம்முடையது.

தாடி எடுத்துவிட்டான்.

இல்லை, நான் எழுந்திருக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இந்தக் கண்ணாடியில் உள்ளே இருப்பவர்கள் தெரியமாட்டார்கள், கறுப்பாக இருக்கும். அவனுக்குத் தெரியாது. ஐயோ, எப்படி இளைத்திருக்கிறான் பாருங்கள். இளைத்திருக்கிறான்தானே? உங்களுக்குத் தெரியாது, முன்னால் பார்த்ததில்லை. உங்கள் வீட்டுக்காரரும் பையனும் அவன் வண்டிப் பக்கம் போகிறார்கள். ஓட்டுகிறவனிடம் கேட்டால் உண்மை தெரியும் என்று போகிறார்கள். நல்லதுதான். எங்கள் ரெமி பொய் சொல்லமாட்டான்.

நீங்களும் போங்கள். எனக்காக ஒன்று செய்யுங்கள். போய், வாங்கப் போகிறவர் மாதிரி கேளுங்கள். வாங்கத்தானே வந்திருக்கிறீர்கள். சீட் எப்படி இருக்கிறது, இடுப்பு வலிக்கிறதா, ராத்திரியில் தூக்கம் வருகிறதா, எங்கே சாப்பிடுவாய் தம்பி என்று கேளுங்கள். வேற்று ஆட்கள் கேட்டால் நன்றாகப் பதில் சொல்வான். நான் கேட்டால்தான் வாய் திறக்காது. இந்தாருங்கள், இதையும் கொண்டுபோங்கள். கொசுவலைதான். வண்டி ஜன்னல் அளவுக்கு வெட்டி ஓரம் தைத்திருக்கிறேன். நான்கு பக்கமும் ஒட்டுகிற பட்டை வைத்திருக்கிறேன், அழுத்தினால் நின்றுகொள்ளும். கான்வென்டில் தைக்கக் கற்றுக்கொடுத்தது இப்போது இதற்குத்தான் ஆயிற்று. அதிலேயேதான் படுப்பான் என்றால் கொசு கடிக்காமலாவது படுக்கட்டும். யார் கொடுத்தது என்று கேட்டால் கம்பெனியில் கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். போங்கள், சீக்கிரம் போங்கள், சாவியை வெளியிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவான்.

வந்துவிட்டீர்களா, உட்காருங்கள். என்ன சொன்னான்? இதற்குள்ளே உட்கார்ந்தால் ஒரு சத்தம் கேட்பதில்லை, வாய் அசைவதுதான் தெரிகிறது. உங்கள் பையனிடம் சிரித்துச் சிரித்துப் பேசினானே, என்ன பேச்சு அது? வண்டிப் பேச்சா? இவ்வளவு பேசுகிறான்! நான் அவனை இவ்வளவு பேசிப் பார்த்தே நாளாயிற்று.

சீட் எப்படியாம்? குறையே இல்லையாமா? அப்படியேவா சொன்னான்? எங்கம்மா என்னைப் படுக்க வைத்துப் பார்த்துத்தான் வாங்கினாங்க என்றா? சிரித்துக்கொண்டா சொன்னான், இல்லை கேலியாகவா? சிரித்துக்கொண்டுதானா. சரி.

ராத்திரி சாப்பாடு? அப்பா கொண்டுவருவார் என்றானா? யார் அப்பா? எவனாவது கூட ஓட்டுகிறவனுடைய அப்பாவாக இருக்கும். அங்கே எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி என்று டெய்சியும் சொன்னாள். எங்கள் வீட்டுக்காரரா? அவர் எங்கே போய்க் கொடுப்பார், தன் தட்டையே கழுவி வைக்கத் தெரியாதவர்.

வலையை வாங்கிக்கொண்டானா? திருப்பிப் பார்த்தானா? ஓரத்தைத் தடவிப் பார்த்தானா? என்ன கேட்டான்? ஒன்றும் கேட்கவில்லையா? குறையே இல்லைன்னு சொல்லுங்க என்றானா? சொல்லுங்க என்றா? யாரிடம் சொல்லச் சொன்னான்? வண்டி வாங்குகிறவர்களிடம் சொல்லச் சொல்லியிருப்பான். அப்படித்தான் இருக்கும். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தானே, அதுவா? அது வெயில் கண்ணாடியில் அடித்திருக்கும்.

வீடு எங்கே என்று கேட்டீர்களா? நான் கேட்கச் சொல்லவில்லையே. சரி, கேட்டுவிட்டீர்கள். என்ன சொன்னான்?

வண்டியைக் காட்டினானா.

ஒன்றும் சொல்லாமல் கையால் தட்டிக் காட்டினானா.

இல்லை, தண்ணீர் வேண்டாம். ஏசி கண்ணில் அடிக்கிறது, இவர்கள் எப்போதும் கூட்டித்தான் வைப்பார்கள். கூப்பிடவும் வேண்டாம். அவசரம், போகட்டும். அதோ கேட்டைத் தாண்டிவிட்டான். நீங்களே போய்ப் பேசுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பேசத்தானே நானும் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்தீர்களா, மேல் பட்டன் இரண்டும் இல்லை, காலர் அழுக்கு இங்கிருந்தே தெரிந்தது. நேரே போய் நின்றால் அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா என்னால்? எந்தத் தாயால் முடியும்?

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டான். உட்கார இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை.

உங்கள் ஆட்கள் மேஜைக்கு வந்துவிட்டார்கள், பேப்பர் எடுக்கிறார்கள். பெரியதுதானா? உங்கள் வீட்டுக்காரர் பெரியதைத்தான் காட்டுகிறார். ரெமி சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருப்பார். உங்கள் பையன் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறான் பாருங்கள்.

நான் சொல்வதைக் கேளுங்கள். சின்னதை எடுங்கள். முதலில் என்ன சொன்னேன் என்பதை விடுங்கள், அது வண்டியைப் பற்றிச் சொன்னது. அவன் கேட்கிறதையே வாங்கிக் கொடுங்கள். சீட் சாயாது, கால் நீட்ட முடியாது, இடுப்பு வலிக்கும். வலிக்கட்டும். வலித்தால் வீட்டுக்கு வந்து படுப்பான்.

என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து போங்கள், உங்கள் வீட்டுக்காரர் பேனாவைத் திறந்துவிட்டார்.